சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், சித்தி

சித்தி: அனைவருக்கும் காலை வணக்கம். பாலக்கீரை, வெள்ளரிக்காய், கொத்தமல்லித்தழை மூன்றையும் அரைத்து, துணியில் வடிகட்டி, வெறும் வயிற்றில் குடித்து வருகிறேன். மலச்சிக்கல் தீரும் என்று நம்பித்தான் தொடங்கினேன், ஆனால் வயிற்றில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அகிலா, நீ ஊட்டச்சத்துப் படித்தவள், காரணம் சொல்லம்மா.

அகிலா: துணியில் தங்கும் சக்கையை என்ன செய்கிறீர்கள், சித்தி?

சித்தி: செடிக்குப் போட்டுவிடுகிறேன்.

அகிலா: உங்கள் வயிற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. கரையாத நார்ச்சத்து மலத்துக்குப் பருமன் கொடுத்து, அதைக் குடலில் முன்னோக்கி நகர்த்துகிறது. கரையும் நார்ச்சத்தையோ பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன, அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும், வடிகட்டிய சாற்றில் சொற்பமே மிஞ்சும். எனவே மிக்ஸியில் மைய அரைத்து, வடிகட்டாமல் குடியுங்கள். முதலில் அரை டம்ளர் போதும், ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும்.

மாமா: உடம்பில் தேங்கிய நச்சையெல்லாம் இந்தச் சாறு வெளியேற்றிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

அகிலா: அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன, மாமா. உங்களுக்குச் சிறுநீரகக் கல் வந்திருப்பதால் பச்சைப் பாலக்கீரைச் சாறு வேண்டவே வேண்டாம். அதில் மிகுந்திருக்கும் ஆக்சலேட், கால்சியத்துடன் சேர்ந்து கல்லாகும். கீரையை வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட் ஓரளவு குறையும், ஆனாலும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

பெரியப்பா: இரத்தம் உறையாமலிருக்க நான் வார்ஃபரின் சாப்பிடுகிறேனே, நான் குடிக்கலாமா அம்மா?

அகிலா: கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும், பெரியப்பா. வழக்கமாகச் சாப்பிடும் கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரெனக் கூட்டவும் வேண்டாம். சாறு குடிக்க விரும்பினால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனை பார்த்து அவர் முடிவு செய்யட்டும்.

சித்தி: நாளை முதல் வடிகட்டமாட்டேன். பாலக்கீரைக்குப் பதில் சுரைக்காய் சேர்க்கலாமா?

அகிலா: சேர்க்கலாம், சித்தி. ஆனால் அரைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, காயை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். தேனோ எலுமிச்சையோ கலந்து கசப்பை மறைத்துக் குடிக்கவே கூடாது. கசப்புச் சுரைக்காயிலுள்ள குக்குர்பிட்டாசின் கடும் வாந்தியையும் இரத்தப்போக்கையும் உண்டாக்கும், அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு.