அலாஸ்கா கிராமத்துல அப்பா கட்டுன வீடு, ஆனா நிலத்துக்குப் பேப்பர் இல்ல. யார்கிட்ட போகணும்?

டன்ட்ராடீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மேற்கு அலாஸ்கால குஸ்கோக்விம் ஆத்துப் பக்கம் ஒரு யூப்பிக் பூர்வகுடி கிராமத்துல டீச்சரா இருக்கேன். ஸ்கூல்ல என்கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்களுக்காகக் கேக்குறேன். அவங்க இருக்குற வீடு அவங்க அப்பா 1960கள்ல கட்டுனது, ஆத்துக்கு மேல கொஞ்ச தூரத்துல சால்மன் புடிச்சு காயப்போடுற இடமும் இருக்கு, பரண், புகைக் கொட்டகை எல்லாம் அப்பா காலத்துலேர்ந்து அப்படியே இருக்கு, ஆனா ரெண்டுக்கும் கையில ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. இப்ப வீட்டை ரிப்பேர் பண்ண உதவி கேட்டா நிலம் உங்க பேர்ல இருக்கான்னு கேக்குறாங்க. ஒருத்தர் கார்ப்பரேஷன், அதாவது பூர்வகுடிகளே பங்குதாரரா இருக்குற கம்பெனியோட நிலம்ங்கிறார், இன்னொருத்தர் சிட்டி அரசோடதுங்கிறார், மூணாவது ஆளு ஃபெடரல்ங்கிறார். அரசாங்கத்துல இதுக்குன்னு உதவி பண்ற ஆபீஸ் ஏதாச்சும் இருக்கா?

வரைபடப்பித்தன்:
இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி அது எந்த வகை நிலம்னு தெரியணும். ப்ருடோ பேல 1968ல எண்ணெய் கிடைச்சதும் பைப்லைன் போடணும், அதுக்குள்ள பூர்வகுடிகளோட நில உரிமையை முடிச்சாகணும்னு 1971 டிசம்பர் 18ல அலாஸ்கா பூர்வகுடி உரிமைத் தீர்வுச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அதைத்தான் சுருக்கமா அன்க்ஸாம்பாங்க. சுமார் 4.4 கோடி ஏக்கர், 96.25 கோடி டாலர் கொடுத்தாங்க, ஆனா நிலம் குடும்பங்க கைக்கு வரல, புதுசா உண்டாக்குன கார்ப்பரேஷனுங்களுக்குப் போச்சு. மேல் மண்ணு கிராமக் கார்ப்பரேஷனுக்கு, அடியில இருக்குறது ரீஜனல் கார்ப்பரேஷனுக்கு. அப்பா வீட்டுக்குக் கீழ இருக்குற மண்ணு எப்படி கார்ப்பரேஷனுதுன்னு அந்த அக்கா கேட்டா அது நியாயமான கேள்விதான்.

அதுக்குத்தான் அந்தச் சட்டத்துலயே 14 சின்னு ஒரு பிரிவு. அந்த 1971 டிசம்பர் 18 தேதில யாரு எங்க குடியிருந்தாங்களோ, எங்க கடை வச்சிருந்தாங்களோ, எங்க மீன் கேம்ப் போட்டிருந்தாங்களோ, அந்த இடத்தைக் கார்ப்பரேஷன் காசு வாங்காம அவங்களுக்கே எழுதிக் கொடுக்கணும். நீங்க சொல்ற வீடு, கேம்ப் ரெண்டுமே இதுல வரலாம். அப்பா இல்லன்னா வாரிசுங்க கேக்கலாம்.

முதல்ல கிராமக் கார்ப்பரேஷன் ஆபீஸ்ல யாருக்கு எந்த இடம்னு காட்டுற 14 சி மேப் போட்டாச்சான்னு கேளுங்க. அந்த மேப்பை பி.எல்.எம்., அதாவது ஃபெடரல் நில நிர்வாக ஆபீஸ்ல ஃபைல் பண்ணுவாங்க, அதை வச்சுதான் ஃபெடரல் சர்வேயர் அளந்து பிளாட்டுங்கிற அளவை வரைபடம் போடுவார். ஃபைல் பண்ணி ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னா அப்புறம் கோர்ட்ல வழக்கு போட முடியாது, அதனால இதைத் தள்ளிப் போடாதீங்க.

ஆத்தங்கரைஆளு:
மேல சொன்னவர் சரியாச் சொன்னார், ஒண்ணு விட்டுட்டார். கேம்ப் இருக்குற இடம் அலாட்மென்ட்டாக் கூட, அதாவது ஃபெடரல் அரசு ஒரு பூர்வகுடி ஆளு பேர்லயே ஒதுக்குன நிலமாக் கூட இருக்கலாம். 1906 சட்டப்படி ஒரு ஆளுக்கு 160 ஏக்கர் வரைக்கும் கேக்கலாம், 1971ல அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி போட்ட விண்ணப்பம் செல்லும். வீடு டவுன்சைட்டுக்குள்ள, அதாவது ஃபெடரல் அரசு ஊருக்குன்னு மனையாப் பிரிச்ச இடத்துக்குள்ள இருந்தா 1926 சட்டப்படி அப்பா பேர்லயே பத்திரம் கிடந்தாலும் கிடக்கும். பி.எல்.எம்.லயும், பூர்வகுடிகள் விவகாரத்தைப் பாக்குற ஃபெடரல் ஆபீஸான பி.ஐ.ஏ.லயும் அப்பா பேரைச் சொல்லித் தேடச் சொல்லுங்க, மாநில ரெக்கார்டர் ஆபீஸ் பதிவுகளை ஆன்லைன்லயே பாக்கலாம்.

அரசு உதவின்னு கேட்டீங்கல்ல, மாநில வணிகத் துறைக்குக் கீழ கிராம விவகாரப் பிரிவு ஒண்ணு இருக்கு, டி.சி.ஆர்.ஏ.ம்பாங்க. கிராமத்தை மேலேர்ந்து போட்டோ எடுத்து அது மேல மனை எல்லையைக் காட்டுற லாட் கோடு, வீடு, தண்ணிக் குழாய், ஏர்போர்ட் எல்லாம் வரைஞ்ச மேப் அவங்ககிட்ட கிடைக்கும். பெருசா பிரிண்ட் எடுத்து மேஜைல விரிச்சு வச்சு ஊர்ப் பெரியவங்களைக் கூப்பிட்டு உக்கார வைங்க. எந்த வீடு யாரோடது, எந்தப் பாதை எப்பத்துலேர்ந்து இருக்குன்னு விரலை வச்சுக் காட்டுவாங்க, அந்த விவரம் எந்தக் கம்ப்யூட்டர்லயும் கிடையாது. சர்வேக்கு முன்னாடி கட்டுன வீடுங்கிறதால கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதின்னு நிக்கிறதும் அப்பத்தான் கண்ணுல படும். ஆனா மேப்ல வீடு இருக்குங்கிறது உரிமை ஆயிடாது, கார்ப்பரேஷன் எழுதிக் கொடுக்குற பத்திரம்தான் உரிமை.

இன்னொண்ணு, ஊர்ல சிட்டி இல்லன்னா பொது உபயோகத்துக்குன்னு 14 சி 3ல வர்ற நிலத்தை மாநிலமே டிரஸ்டியா வச்சுப் பாத்துக்கும். வீடு அந்த நிலத்துக்குள்ள சிக்கியிருக்கான்னும் கேட்டுக்கங்க.

வெள்ளிமீன்:
ஆறு கரையைத் தின்னுட்டு வர்றதையும் பாருங்க. நியூடோக் ஊரை நிங்லிக் ஆறு அரிச்சு அரிச்சு, கடைசில 2019ல மெர்டார்விக்குக்குக் குடி மாற ஆரம்பிச்சாங்க. அந்தப் புது இடத்தையே ஃபெடரல் அரசோட நிலம் மாத்திக்கிட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு. பழைய மேப்ல கரைன்னு இருக்குறது இப்ப தண்ணிக்குள்ள இருக்கலாம், அதனால போட்டோ எந்த வருஷத்துதுன்னு கேளுங்க.

டன்ட்ராடீச்சர்:
ரொம்ப நன்றி. கார்ப்பரேஷன் ஆபீஸ்ல கேட்டேன், மேப் இன்னும் ஃபைல் பண்ணலையாம், இப்ப கேட்டா சேத்துக்குவோம்னாங்க. அந்த அக்காவுக்கு இன்னொரு பயம், பேப்பர் வந்தா வரி கட்டணுமா, பசங்க வித்துடுவாங்களான்னு.

ஆத்தங்கரைஆளு:
அந்தப் பயம் சரிதான். அலாட்மென்ட்டுக்கும் பழைய டவுன்சைட் ரெஸ்ட்ரிக்டட் பத்திரத்துக்கும் பாதுகாப்பு உண்டு, பி.ஐ.ஏ. சம்மதம் இல்லாம விக்க முடியாது, வரியும் கிடையாது. 14 சி பத்திரம் அப்படி இல்ல, சாதாரண சொத்து மாதிரி, வித்தா வித்ததுதான். வரியைப் பத்தி, உங்க பக்கம் பரோன்னு சொல்ற மாவட்ட அரசே இல்ல, அதனால பரோ வரி வராது, சிட்டி போடுதான்னு மட்டும் கேளுங்க. வாரிசு நிறையப் பேர் இருந்தா யார் பேர்ல வாங்குறதுன்னு இப்பவே உக்காந்து பேசி எழுதிடுங்க. அலாஸ்கா லீகல் சர்வீசஸ்ல வருமானம் கம்மியானவங்களுக்கு இலவசமா உதவி பண்றாங்க, உயில், அலாட்மென்ட் வேலையெல்லாம் அவங்களுக்குப் பழக்கம். அக்காவை கூட வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க.