மறு: ‘பயோமார்க்கர்’ – இதய அறுவைக்குப் பின் சிறுநீரகத்தைக் கவனிக்க என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலின் நிலையை அறிய இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து பார்க்கும் பொருளை ‘பயோமார்க்கர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு நம் இழையில் இதுவரை உயிர்க்குறி, உயிரிக்குறிப்பான், உயிர்ச்சுட்டி, முன்னறிவிப்பான் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் இரண்டு நாளாக வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். இதய அறுவை முடிந்தபின் இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு எழுதினால், ஒரு சொல் போதவில்லை, இரண்டு தேவைப்படுகின்றன. அதற்கும் முன்பாகச் சரிசெய்ய வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது: சிறுநீரகம் திடீரென்று கெடுவதைக் குறிக்கும் ‘அக்யூட் கிட்னி இஞ்சுரி’க்கு நாம் வழங்கும் சொல். அதைப் பற்றி இழையில் ஒருவர் எழுதியது:

> ‘தீவிர சிறுநீரகக் காயம்’ ஏற்கெனவே பரவிவிட்டது. அதைத் தொட வேண்டாம், குறிப்பானுக்கு மட்டும் சொல் தேடுவோம்.

இங்கேதான் ஐயா, நான் மாறுபடுகிறேன். என் சித்தப்பாவுக்கு பைபாஸ் அறுவை நடந்தது. மூன்றாம் நாள் எங்கள் கையில் கொடுத்த தமிழ்க் குறிப்பில் இதே சொற்கள்தான் இருந்தன. சித்தி அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: “நெஞ்சைத்தானே திறந்தார்கள், சிறுநீரகத்தில் எப்படிக் கத்தி பட்டது? அதுவும் தீவிரமாமே?” அன்றிரவு அவர் தூங்கவே இல்லை. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள், இரண்டு நாளில் டெசிலிட்டருக்கு 1.0இலிருந்து 1.4 மில்லிகிராம் ஆகியிருந்தது. லேசான முதல் நிலை. ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

சித்தி தவறாகப் படிக்கவில்லை. தமிழில் காயம் என்றால் தோல் கிழிந்து இரத்தம் வரும் காயம்தான் முதலில் மனதுக்கு வரும். சிறுநீரகத்துக்கு நடப்பதோ வேறு. அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலைசெய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இரத்தம் சுற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் மாறுகிறது. சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. உடல் முழுக்க அழற்சி கிளம்புகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பாகவே குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளுவது. அங்குள்ள நுண்குழல் செல்கள் இந்த நேரத்தில் துவண்டுபோகின்றன. குழாய்வழிச் சிகிச்சையில், அதாவது ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் போன்றவற்றில், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயமும் சிலருக்குச் சேர்ந்துகொள்கிறது. எங்கும் கத்தி படவில்லை.

‘தீவிர’ இன்னும் சிக்கல். ‘அக்யூட்’ என்று மருத்துவர் சொல்வது திடீரென்று வந்ததை. அதன் எதிர்ச்சொல் நாட்பட்டது. தமிழில் தீவிரத்துக்கு எதிர்ச்சொல் லேசானது. ஆகவே முதல் நிலையில் இருப்பவருக்கு ‘லேசான தீவிர சிறுநீரகக் காயம்’ என்று எழுத வேண்டி வரும். அப்புறம் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ வேறு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருள்.

என் பரிந்துரை: திடீர் சிறுநீரக ஊறு.

> ‘ஊறு’ யாருக்குப் புரியும்? அகராதியில் தேட வேண்டும்.

இடையூறு புரியாதவர் யாரும் இல்லையே அம்மா. ‘உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்கும்’ என்று செய்தித்தாளிலும் படிக்கிறோம். தொடுபுலனுக்கும் ஊறு என்று பெயர் உண்டு, நீர் சுரப்பதற்கும் ஊறு என்கிறோம் என்பது சரி. ஆனால் ‘சிறுநீரக ஊறு’ என்று முன்னால் உறுப்பின் பெயர் வந்துவிட்டால் பொருள் குழம்பாது. வெட்டு, கிழிசல், இரத்தம் எதையும் நினைவூட்டாமல் கேடு நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது. ‘பாதிப்பு’ என்று வைக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதில் திடீரென்று வந்ததும் அடங்கும், பத்து வருடமாக இருப்பதும் அடங்கும், மனவருத்தம்கூட அடங்கும். கலைச்சொல்லுக்கு அவ்வளவு அகலம் ஆகாது.

பழைய நூல்களில் ‘திடீர் சிறுநீரகச் செயலிழப்பு’ என்று இருக்கும். ஆங்கிலத்திலும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2004இல் ரைஃபிள் என்ற வரையறையும் 2007இல் அகின் வரையறையும் வந்த காலத்தில் செயலிழப்பை விட்டுவிட்டு ஊறு என்ற பொருள் தரும் ‘இஞ்சுரி’க்கு மாறினார்கள். கிரியேட்டினின் கொஞ்சம் உயர்ந்தாலே நோயாளிக்கு ஆபத்து கூடுகிறது, முழுதாகச் செயலிழக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று தெரிந்ததால் வந்த மாற்றம் அது. இப்போது கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பின் வரையறைப்படி கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலோ, 7 நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ திடீர் ஊறுதான். சிறுநீர் குறைவதும் தனி அளவுகோல். செயலிழப்பு என்ற சொல்லில் நாம் நின்றுவிட்டால் இந்த மாற்றமே தமிழில் பதிவாகாது.

இனி குறிப்பானுக்கு வருகிறேன்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் தேங்கும். தேங்குவதற்கு நேரம் பிடிக்கும், அதனால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் எண் உயரும். போதாததற்கு அறுவையின்போது ஏற்றும் திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்து அந்த எண்ணைக் கீழே இழுக்கிறது. தசை மெலிந்த முதியவர்களிடம் இயல்பிலேயே எண் குறைவாக இருப்பதால் கெடுதல் நடந்தும் நல்ல எண்ணாகத் தோன்றும். சிஸ்டாட்டின் சி என்ற சிறு புரதம் தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. உட்கரு உள்ள எல்லாச் செல்களிலும் உருவாகிறது. ஆனால் இதுவும் வடிகட்டுதல் எப்படி நடக்கிறது என்பதையே காட்டுகிறது. இவை இரண்டும் ஒரு வகை.

என்கேல் (NGAL) என்ற புரதம் வேறு வகை. நுண்குழல் செல்லுக்கு ஊறு நேர்ந்ததும் அந்தச் செல்லே இந்தப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதய அறுவை நடந்த 71 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஊறு நேர்ந்த குழந்தைகளிடம் 2 மணி நேரத்திலேயே சிறுநீரிலும் இரத்தத்திலும் என்கேல் உயர்ந்துவிட்டது. கிரியேட்டினின் காட்டிக்கொடுக்க 1 முதல் 3 நாள் ஆனது. பெரியவர்களிடம் பின்னர் செய்த ஆய்வுகளில் இவ்வளவு துல்லியம் கிடைக்கவில்லை. இரத்தத்தில் என்கேல் உயர்ந்தால் அது சிறுநீரகத்திலிருந்து மட்டும் வந்தது என்றும் சொல்ல முடியாது. வெள்ளணுக்களும் அதை வெளியிடும், இதய-நுரையீரல் இயந்திரமே வெள்ளணுக்களைத் தூண்டிவிடும். (எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல்: ‘என்கால்’ என்று எழுத வேண்டாம், ‘என் கால்’ என்று படித்துவிடுவார்கள். ‘என்கேல்’ ஒலிக்கும் பொருந்துகிறது.)

ஒன்று சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிறது, மற்றது செல்லுக்கு நேர்ந்த கேட்டைக் காட்டுகிறது. இரண்டையும் ‘உயிரிக்குறிப்பான்’ என்ற ஒரே பெயரில் போட்டால் கட்டுரை படிப்பவருக்கு முக்கியமான வேறுபாடே பிடிபடாது. ஆகவே:

பயோமார்க்கர் – உயிரிக்குறிப்பான் (பொதுச்சொல்லாக இருக்கட்டும்)
வேலையைக் காட்டுவது – செயல்காட்டி
கேட்டைக் காட்டுவது – ஊறுகாட்டி

‘காட்டி’ நமக்குப் பழகியது. திசைகாட்டி, நாள்காட்டி, வழிகாட்டி, வேதியியலில் நிறங்காட்டி. ‘சுட்டி’ என்றால் கணினி முன் இருப்பவருக்கு மவுஸ்தான் நினைவுக்கு வரும். ‘உயிர்க்குறி’ நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அறுவைக்குப் பின் இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டியிருக்கும், கட்டாயம் குழம்பும். ‘முன்னறிவிப்பான்’ அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. மழை வரும் என்பது முன்னறிவிப்பு. என்கேல் உயரும்போது தூறல் விழுந்தாயிற்று. மற்றவர் வெளியே எட்டிப் பார்க்கும் முன்பே அது சொல்லிவிடுகிறது, அவ்வளவே.

சிறுநீரகத்துக்கு வெளியே இச்சொற்கள் தாங்குமா என்றும் பார்த்தேன். ட்ரோபோனின் என்ற புரதம் இதயத்தசையின் ஊறுகாட்டி. கல்லீரலில் ஏஎல்டி நொதி ஊறுகாட்டி, ஆல்புமின் செயல்காட்டி. தாங்குகிறது. எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இந்தக் கல்லீரல் எடுத்துக்காட்டுதான், அதை நினைத்துச் செய்த சொற்களே இல்லை இவை.

ஒரு சோதனை வாக்கியம்:

“அறுவை முடிந்த 2 மணி நேரத்தில் ஊறுகாட்டி உயர்ந்திருந்தது, செயல்காட்டி இரண்டாம் நாள்தான் உயர்ந்தது, முதல் நிலைத் திடீர் சிறுநீரக ஊறு என்று முடிவுசெய்து, இரத்த அழுத்தத்தைக் கவனித்து, சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகளை நிறுத்தினர்.”

இதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஊறுகாட்டி’ என்றால் என்ன என்று கேட்டார், ஒரு வரியில் சொன்னேன். கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஊறுகாட்டி உயர்ந்தும் செயல்காட்டி கடைசிவரை அசையாமலே இருக்கும் நோயாளிகள் உண்டு. கிரியேட்டினினை மட்டும் பார்த்தால் இவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் எழுதுவோம். ‘மறை ஊறு’ என்று எழுதிப் பார்த்தேன், யாரோ மறைத்துவைத்தது போல இருக்கிறது. ‘வெளித்தெரியா ஊறு’ சரியாக இருக்கிறது, ஆனால் பெயரடையாக மாற்றும்போது நீண்டுவிடுகிறது. உங்களில் யாருக்காவது இதைவிடக் குறுகிய சொல் தோன்றினால் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்