ஸ்காபரோ பின்வளவில் வாழை: விண்டருக்கு என்ன செய்வது?

புதுவளவு:
வணக்கம். மே கடைசியில் நர்சரியில் வாங்கி நட்ட வாழை இரண்டு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் நிற்கின்றன. ஒன்றின் சீட்டில் முசா பாஸ்யூ என்று இருந்தது, மற்றது குட்டைக் கவெண்டிஷ். கோடையில் பாஸ்யூ வேலிக்கு மேலே போய்விட்டது. இப்போது அக்டோபர் நடுப்பகுதி, இரவில் 3 பாகைக்கு இறங்குகிறது. பக்கத்து வீட்டு இத்தாலியர் தன் அத்தி மரத்தை வளைத்து மண்ணில் புதைக்கிறார், வாழையையும் அப்படிச் செய்யச் சொல்கிறார். வெட்டலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார். குலை தள்ளாத வாழையில் கத்தி வைக்கக்கூடாதாம். என்ன செய்யலாம்?

வடலி:
கவெண்டிஷை உடனே வீட்டுக்குள் எடுங்கள், அது உறைபனி தாங்காது. என்னுடையது தொட்டியில் யன்னலோரம் நிற்கிறது. ஹீட்டர் காற்றுக்கு இலையின் அடியில் சிலந்திப்பேன் வரும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கிழங்குக்காரன்:
தம்பி, அத்தி மரம் வளையும், வாழை முறியும். அந்த யோசனையை விடுங்கள்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நாம் தண்டு என்று சொல்வது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்ட இலை மட்டைகள்தான். உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. பூக்கத் தொடங்கும் வரை முளைக்கும் இடம் நிலமட்டத்தில்தான் இருக்கும். மேலே வெட்டினால் வாழை சாகாது. ஊரில் வெட்டிய வாழையின் நடுவில் அடுத்த நாளே குருத்து எழும்புவதை அவர் எத்தனை தரம் பார்த்திருப்பார்!

பாஸ்யூ சீனாவிலிருந்து வந்த இனம், குளிர் தாங்கும். முதல் உறைபனியில் இலை கறுத்துத் தொங்கும். அதுவரை விட்டுவிடுங்கள், வெயில் இருக்கும் மட்டும் கிழங்குக்குச் சாப்பாடு சேரும். கறுத்ததும் இலைகளை வெட்டி, தண்டை இடுப்பளவுக்குக் குறையுங்கள். சுற்றிவரக் கோழிவலையை நட்டு, தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்றரை அடியாவது விட்டுக் காய்ந்த சருகோ வைக்கோலோ நிரப்புங்கள். சருகுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நவம்பரில் தெரு முழுக்கக் கடதாசிப் பைகளில் கட்டி வைப்பார்கள், வீட்டுக்காரரைக் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். ஓக் சருகு கிடைத்தால் அதை எடுங்கள். மேப்பிள் சருகு நனைந்தால் அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும், காற்றுப் போகாது.

இங்கே ஜனவரியில் சில இரவு மைனஸ் 20க்கும் இறங்கும். ஆனாலும் நான் குளிரைவிட ஈரத்துக்குத்தான் பயப்படுவேன். தண்டு முழுக்கத் தண்ணீர், உறைந்து இளகினால் கூழாகிவிடும், அந்த அழுகல் கீழே கிழங்குக்கு இறங்கும். அதனால் மேலே பலகையோ தார்ப்பாயோ போட்டுக் கூரை மாதிரிச் சரித்துவிடுங்கள். பக்கங்களைப் பிளாஸ்டிக்கால் சுற்றாதீர்கள், உள்ளே வேர்த்துக் கொட்டும். ஸ்னோ விழுந்தால் கூட்டைச் சுற்றிக் குவிக்கலாம், அதுவும் ஒரு போர்வைதான். டிரைவ்வேயில் வாரியதை மட்டும் போடாதீர்கள், அதில் ஐஸ் இளகத் தூவிய உப்பு இருக்கும்.

கவெண்டிஷை உறைபனிக்கு முன்பே கிண்டி எடுத்து, குருத்தை விட்டு மற்ற இலைகளை வெட்டுங்கள். மண்ணை உதறி, தண்ணீர் வடியத் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். வடிந்ததும் சாக்கில் சுற்றி முன்வாசலுக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூமில் நிமிர்த்தி வைக்கலாம். அங்கே 8 முதல் 12 பாகை இருந்தால் நல்லது. ஜனவரியில் சில வீடுகளில் பூச்சியத்துக்குக் கிட்டப் போய்விடும், ஒரு தெர்மோமீட்டர் தொங்கவிடுங்கள். விண்டர் முழுக்கத் தண்ணீர் வேண்டாம்.

லண்டன் வாழை:
எங்கள் பக்கம் இவ்வளவு குளிர் இல்லை, பாஸ்யூவுக்கு வைக்கோல் கூடு மட்டும் போதும். ஆனால் மழை ஓயாது. ஈரம்தான் எதிரி என்று அண்ணை சொன்னது இங்கேயும் சரி. வைக்கோலுக்குள் எலி குடிவரும், கோழிவலையை மண்ணுக்குள் கொஞ்சம் இறக்கி நடுங்கள்.

புதுவளவு:
நன்றி அண்ணை. அம்மா அரை மனதோடு சம்மதித்துவிட்டார். கூட்டை எப்போது பிரிக்கலாம்? குலை வருமா?

கிழங்குக்காரன்:
ஏப்ரல் கடைசியில் மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். மே நடுப்பகுதி வரை இரவில் உறைபனி வரலாம், பழைய போர்வை ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். தண்டின் தலை நாறிக் கிடக்கும். சமையல் கத்தியால் வட்டம் வட்டமாகச் சீவிக்கொண்டே போங்கள். பழுப்புப் போய், வெள்ளையாக, விரலால் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தண்டு முழுக்கப் போயிருந்தாலும் கிண்டி எறிய வேண்டாம். ஜூனில் பக்கத்தில் குட்டி வெடிக்கலாம்.

குலையை மறந்துவிடுங்கள். பாஸ்யூ காய்த்தாலும் முழுக்க விதை, வாயில் வைக்க முடியாது. கவெண்டிஷுக்கு இங்கே கோடை காணாது. இலைக்காக வளர்க்கலாம். பாஸ்யூ இலை மெல்லிசு, காற்றுக்குக் கிழியும், வேலியோரம் நிற்பதால் உங்களுக்குத் தப்பும். ஆகஸ்டில் விருந்து வைத்தால் இலை உண்டு. தைப்பொங்கலுக்குக் கடை ஃப்ரீசரில்தான் வாங்க வேண்டும்.