ஸ்மார்ட் போட்டா, டெப்பா? எங்கட வகுப்புக்கு எதைக் கேக்கிறது?

கேள்வி: மல்லாவிப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர்

வணக்கம். துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். கனடாவில இருக்கிற பழைய மாணவர்கள் வகுப்பறைக்கு ஏதாவது வாங்கித் தரப் போகினம். ஒண்டில் ஸ்மார்ட் போட் (சுவரில மாட்டித் தொட்டு எழுதுற பெரிய திரை), இல்லையெண்டால் அதே காசுக்குக் கொஞ்ச டெப் (கையில பிடிக்கிற டேப்லட் கணினி). அதிபர் "நீர்தானே பாவிக்கப் போறீர், நீரே முடிவெடும்" எண்டு விட்டிட்டார்.

மழை காத்தெண்டால் கரண்ட் போயிடும். கட்டடத்துக்குள்ள கவரேஜ் ஒரு கோடுதான். நுணுக்குக்காட்டி ஒண்டே ஒண்டு. பிள்ளையள் போன் கொண்டுவரக் கூடாதெண்டது எங்கட பள்ளிக்கூட ஒழுங்கு, அதை மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. இதே மாதிரி இடத்தில படிப்பிக்கிற ஆக்கள் எதைக் கேட்டிருப்பியள்?

ஒட்டுசுட்டான் ரீச்சர்

சேர், ரெண்டும் வர முதல் உங்கட போனையே நுணுக்குக்காட்டியின்ர பார்வைத்துண்டில வைச்சுப் பாருங்கோ. வெங்காய உரியில ஒரு துளி அயடீன் விட்டு, கமராவை மெல்ல அசைச்சுக்கொண்டு போக ஒரு இடத்தில வட்டம் நிறைஞ்சு வெளிச்சம் வரும். அதில படம் எடுத்தால் கலச்சுவரும் கருவும் வடிவாத் தெரியும். வரிசையில நிண்டு ஒரு கண்ணை மூடிப் பாக்கிற பிள்ளை உள்ள எதைப் பாத்ததெண்டு எங்களுக்குத் தெரியாது. கண்ணிமை மயிரின்ர நிழலைப் பாத்திட்டு "தெரியுது ரீச்சர்" எண்டு போற பிள்ளையளும் இருக்கினம். படமெண்டால் விரலை வைச்சு "இது என்ன?" எண்டு கேக்கலாம்.

நான் டெப்தான் கேப்பன். ஆளுக்கொண்டு வேண்டாம், அஞ்சு பேருக்கு ஒண்டு காணும். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் எழுத, மற்றவை சண்டை பிடிச்சுக் கதைக்கிறதுதான் படிப்பு. அதோட, இணையம் இல்லாமல் ஓடுறதுகளை மட்டும் போடுங்கோ.

ஜெர்மனியில ஆகன் தொழினுட்பப் பல்கலைக்கழகம் 2016இல விட்ட ஃபைஃபாக்ஸ் எண்டொரு இலவசச் செயலி இருக்கு. அதுக்குள்ள சத்தத்தில ஓடுற நிறுத்தற்கடிகாரம் ஒண்டு. மைதானத்தில ரெண்டு டெப்பை 10 மீற்றர் தள்ளி வையுங்கோ. இந்தப் பக்கத்துப் பிள்ளை கைதட்ட ரெண்டும் ஓடத் தொடங்கும், அந்தப் பக்கத்துப் பிள்ளை தட்ட ரெண்டும் நிக்கும். ரெண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒலி 20 மீற்றர் போக எடுத்த நேரம், 0.06 செக்கனுக்குக் கிட்ட வரும். ஒலியின்ர வேகம் 0 பாகை செல்சியசில செக்கனுக்கு 331 மீற்றர், எங்கட 30 பாகை வெக்கையில 349 மீற்றர். "ஏன் ரீச்சர் கூட வருது?" எண்டு பிள்ளையே கேக்கும். கரும்பலகையில எழுதிப்போட்டு அந்தக் கேள்வியை வாங்கேலாது.

மின்சுற்றுக்கும் அலைக்கும் ஃபெட் இருக்கு, திரையிலயே மாத்தி மாத்திச் செய்து பாக்கிற இலவசச் சோதனைகள். நோபல் பரிசு வாங்கின காள் வீமன் கொலராடோப் பல்கலைக்கழகத்தில 2002இல தொடங்கினது. கவரேஜ் உள்ள இடத்தில ஒருக்கா இறக்கினால் பிறகு இணையம் தேவையில்லை. சிலது தமிழிலயும் இருக்கு.

முழங்காவில், ரெண்டு பிள்ளையளின்ர தாய்

நான் ரீச்சர் இல்லை, ஆனாலும் சொல்லவேணும். 2020இல பள்ளிக்கூடங்களைப் பூட்டினாப் பிறகு பாடம் எல்லாம் வட்ஸ்அப்பில வந்தது. எங்கட வீட்டில இருந்த ஒரு போன் விடியமுதல் இவரோட கடலுக்குப் போயிடும். ஆள் கரைக்கு வந்து திறக்கேக்க நோட்ஸ் படங்கள் குவிஞ்சு கிடக்கும், பாதி இறங்கமுதல் டேட்டா முடிஞ்சிடும். இப்ப பள்ளிக்கூடம் ஒழுங்கா நடக்குது, வீட்டுவேலை மட்டும் இன்னும் குறூப்பில வருது. ரீலோட் போடக் காசில்லாத வீட்டுப் பிள்ளை அடுத்தநாள் எழும்பி நிண்டு பேச்சு வாங்குது. டெப்பைப் பள்ளிக்கூடத்துக்குள்ள வைச்சு எவ்வளவும் படிப்பியுங்கோ சேர், வீட்டுவேலையைக் கொப்பியில குடுங்கோ.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

அக்கா சொல்லுறதுதான் சரி. நான் குறூப்பில அறிவித்தல் மட்டும்தான் போடுறனான்.

வவுனியா, தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவர்

ஸ்மார்ட் போட்டை ஒரேயடியாத் தள்ள வேண்டாம். ஒரு படத்தை எல்லாரும் ஒண்டாப் பாத்துக் கதைக்க அது நல்லம். ஆனா 2022 மின்வெட்டு நேரம் ஒரு நாளில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். அப்பிடி வந்தால் போட் சுவரில சும்மா நிக்கும், டெப் சார்ஜில ஓடும்.

கவரேஜுக்கு ஒரு வழி இருக்கு. ராஸ்பெரி பை எண்ட உள்ளங்கை அளவுக் கணினியில, இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா வாசிக்க விடுற கிவிக்ஸ் எண்ட மென்பொருளைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வையுங்கோ. அதுவே வைஃபை குடுக்கும், வெளி இணையம் வேண்டாம். நல்ல பவர் பாங்கிலயும் ஓடும். வெளி இணையம் இல்லாததால பிள்ளையள் வேற பக்கம் போகவும் வழியில்லை. கவனம் ஒருக்காக் கலைஞ்சால் திரும்பிப் பாடத்துக்கு வர 20 நிமிசம் வரை எடுக்கலாமெண்டு யுனெஸ்கோவின்ர 2023 அறிக்கை சொல்லுது. 40 நிமிசப் பாடத்தில அது பாதி.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஏழு டெப், ஒரு ராஸ்பெரி பை, பூட்டுப் போடுற அலுமாரி ஒண்டு எண்டு கடிதம் எழுதப்போறன். ரீச்சர், விலை குறைஞ்ச டெப்பில ஃபைஃபாக்ஸ் சரியா ஓடுமோ?

ஒட்டுசுட்டான் ரீச்சர்

கைதட்டுற சோதனைக்கு மைக் இருந்தால் காணும். ஊசல், முடுக்கம் எண்டால் அதுக்குரிய உணரி உள்ள இருக்கோ எண்டு பாக்கவேணும், மலிவானதுகளில சிலதைக் குறைச்சிருப்பாங்கள். வாங்க முதல் எந்த டெப் எண்டு இங்க போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.