திசு ஆய்வும் டிஜிட்டல் நோயியலும்: மருத்துவம் படிக்காதவருக்கு இடம் உண்டா?

மன்னார்குடி மாணவன்:
தஞ்சாவூரில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். திசு ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கணினியால் அளந்தறியும் துறையில் ஆய்வாளராக விரும்புகிறேன். மருத்துவப் பட்டம் இல்லாதவருக்கு இதில் இடம் உண்டா? பைத்தான் நிரல்மொழியை முதலில் கற்பதா, ஆய்வகப் பயிற்சிக்குப் போவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

திருவாரூரான்:
இடம் தாராளமாக உண்டு. நோயாளிக்குத் தரும் அறிக்கையில் கையெழுத்திட நோயியலில் முதுநிலை பெற்ற பதிவு மருத்துவருக்கே தகுதி என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்திவிட்டது. அந்த எல்லையைத் தாண்டாமல் செய்ய வேண்டிய வேலை ஏராளம். கட்டிக்குள் நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் எத்தனை புகுந்துள்ளன, பெருகும் செல்களைக் காட்டும் கி-67 சாயம் ஏற்ற உட்கருக்கள் எத்தனை விழுக்காடு என்று அளப்பதும், அந்த அளவை நம்பலாமா என்று நிறுவுவதும் ஆய்வாளரின் பொறுப்பு.

40 மடங்கு உருப்பெருக்கத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.25 மைக்ரான். பக்கத்துக்கு 15 மி.மீ. உள்ள சதுரத் திசுவே 360 கோடி பிக்சல் ஆகிவிடுவதால், படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் கணினிக்குக் கற்பிக்கிறோம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரே நோயாளியின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால் முடிவு பிரமாதமாகத் தெரியும். வேறு மருத்துவமனை ஸ்லைடைக் கொடுத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். திசுவுக்கு ஏற்றும் ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயங்களின் நிறம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால், புற்றுநோய் ஸ்லைடுகள் ஓரிடத்திலிருந்தும் நலமான திசு வேறிடத்திலிருந்தும் வந்திருந்தால், கணினி கற்று உருவாக்கிய மாடல் நோயை விட்டுவிட்டு ஆய்வகத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். நிரலெழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; இப்படிச் சந்தேகப்படுபவர்கள்தான் குறைவு.

குடந்தை லேப் டெக்னீஷியன்:
தம்பி, என் யோசனை ஆய்வகம்தான் முதலில். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடத் தாமதித்தால் திசு தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த ஸ்கேனராலும் அதை மீட்க முடியாது. சித்திரை வெயிலில் திசுவைப் பொதிந்த மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக் இங்கே இளகிவிடும் என்பதால், ஐஸ்கட்டி மேல் வைத்துக் குளிரவிட்டுத்தான் மைக்ரோடோம் என்ற வெட்டுகருவியில் 3 முதல் 5 மைக்ரான் தடிமனுக்கு வெட்டுகிறோம். வெட்டிய நாடாவை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தும்போது மடிப்பு விழுந்தால், உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மருத்துவர் அந்த மடிப்பைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார். கணினியோ அதை அடர்ந்த கட்டி என்று எண்ணிவிடக்கூடும்.

மன்னார்குடி மாணவன்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கேனர் வசதி இல்லாத இடத்தில் கணினிப் பகுதியை எப்படிப் பழகுவது?

திருவாரூரான்:
பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, திசுப் படங்களை அளக்கும் க்யூபாத் (QuPath) மென்பொருள் இலவசம். தொடக்கப் பயிற்சிக்குச் சாதாரண மடிக்கணினி போதும். மார்பகப் புற்றுநோயாளிகளின் நிணநீர்க் கணுக்களைக் கொண்ட கேமலியான்16 தொகுப்பில் 400 ஸ்லைடுகள் பொதுவில் கிடைக்கின்றன. கோப்புகள் ஜி.பி. கணக்கில் இருக்கும் என்பதால் இரண்டு மூன்றை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு சிறு பரப்பில் உள்ள உட்கருக்களை முதலில் நீங்களே குறித்து எண்ணிவிட்டு, பிறகு மென்பொருளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் படத்தோடு இங்கே பதிவிட்டால் அதிலிருந்து மேலே பேசலாம்.