மறு: தானியங்கிக் கத்திக்கு நல்ல தமிழ்ச் சொல் – ‘தெறிகத்தி’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கண்டி அண்ணா தன்னிடமுள்ள பழைய பொக்கெட் கத்திகளுக்குத் தமிழில் பட்டியல் எழுதுகிறார் என்று வாசித்ததும் பெரிய சந்தோசம். பொத்தானை அமுக்கியதும் விரியும் கத்திக்குத்தான் (ஆங்கிலத்தில் ஸ்விட்ச்பிளேட்) சொல் கேட்டிருந்தார். இதுவரை தானியங்கிக் கத்தி, விசைக்கத்தி, ஆளிக்கத்தி, வில்லுக்கத்தி என்று நாலு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் பரிந்துரை ஐந்தாவது: தெறிகத்தி. ஏன் என்று சொல்வதற்கு முன் மற்ற நாலையும் பார்த்துவிடுகிறேன்.

> தானியங்கிக் கத்தி என்றால் எல்லாருக்கும் விளங்கும், அதுவே போதும்.

விளங்கும், ஆனால் வேறு எதுவோ விளங்கும். தானியங்கி என்பது ஆள் கை வைக்காமல் தன்பாட்டில் ஓடுகிற ஒன்று. இந்தக் கத்தி தன்பாட்டில் ஒன்றும் செய்வதில்லை. கை அமுக்க வேண்டும், அப்புறம் ஒரு தடவை விரியும், அவ்வளவுதான். மூடுவதற்குத் திரும்பவும் கைதான் வேண்டும், அதுவும் வில்லை எதிர்த்து மடக்க வேண்டும்.

விசைக்கத்தி காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் விசைத்தறி, விசைப்படகு என்று பழகியவர்களுக்கு மோட்டார் பூட்டிய கத்திதான் கண்ணில் வரும். நம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து வெட்ட இப்போது மெஷின் வந்துவிட்டது. அந்தச் சொல்லை அந்த மெஷினுக்கு விட்டுவைப்போம், என்றைக்காவது தேவைப்படும்.

> சுவிச்சுக்கு நம் பாடப்புத்தகத்தில் ஆளி என்று இருக்கும்போது ஆளிக்கத்தி ஏன் ஆகாது?

பதுளைத் தங்கச்சி, மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் இது சரியான சொல்தான். ஆனால் ஸ்விட்ச்பிளேட் என்பது அமெரிக்கர் வைத்த பெயர். பிரித்தானியர் அதே கத்தியை ஃபிளிக் நைஃப் என்கிறார்கள், அதாவது சுண்டிவிடுகிற கத்தி. ஜெர்மானியர் ஸ்பிரிங்மெஸர் என்கிறார்கள், அதாவது பாய்கிற கத்தி. இத்தாலியர் கொல்தெல்லோ ஆ ஸ்காத்தோ என்கிறார்கள். சடாரென்று விடுபடுவதுதான் ஸ்காத்தோ. அமெரிக்கர் தவிர மற்ற மூவரும் பார்த்தது அலகு வெளியே வரும் விதத்தை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துப் பழைய கத்திகள் பலவற்றில் பொத்தானே இல்லை. பிடியின் மேல் படிந்து கிடக்கும் சின்ன நெம்பைத் தூக்கி, பிறகு கீழே அமுக்க வேண்டும். அதைப் பார்த்து யாருக்கும் ஆளி என்று சொல்லத் தோன்றாது.

வில்லுக்கத்தியை ஒதுக்கத்தான் எனக்கு மனமில்லை. பண்டாரவளை சேர் சொன்னது போல, இது நம் நாட்டில் ஏற்கனவே புழங்கும் சொல். ஸ்பிரிங்குக்கு வில் என்பதும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டது, விற்றராசைத் தூக்கிப் பிடித்து நிறை பார்த்தவர்கள்தானே எல்லோரும். ஆனால் வில்லுக்கத்தி என்று பழையவர்கள் சொன்னது சாதாரண மடக்குக் கத்தியை. அதன் முதுகில் ஒரு பட்டைவில் இருக்கும். அலகு விரிந்தாலும் மடங்கினாலும் அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்து வைப்பது அதன் வேலை. அண்ணா கேட்கும் கத்தியில் இருப்பது அலகை வெளியே எறிகிற வில். பிடிக்கிற வில்லுக்கும் எறிகிற வில்லுக்கும் ஒரே பெயர் வைத்தால், இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் பெட்டிக்குப் பட்டியல் எழுத முடியாது.

சரி, தெறிகத்திக்கு வருகிறேன்.

தெறி என்பது நாம் தினமும் பேசுகிற சொல். சோடா மூடி தெறிக்கும், சட்டைப் பொத்தான் தெறிக்கும், வெயிலில் காய்ந்த நெற்று வெடித்து விதை தெறிக்கும். எல்லாவற்றிலும் உள்ளே இறுகிக் கிடந்த ஒன்று தடை விலகியதும் சட்டென்று வெளியே போகிறது. கத்திக்குள் நடப்பதும் அதுவேதான். மூடியிருக்கும்போது வில் இறுகியிருக்கிறது. பொத்தானோடு சேர்ந்த ஒரு சின்ன முளை அலகின் அடியிலுள்ள குழியில் இறங்கி அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அமுக்கினால் முளை குழியை விட்டு வெளியே வரும், வில் அலகைத் தள்ளும், அலகு அரைவட்டம் சுற்றி முழுதாக விரியும். பிறகு அதே முளை வேறொரு குழியில் விழுந்து, விரிந்த அலகைப் பூட்டிவிடும். இரண்டு பக்கமும் காவல் நிற்பது ஒரே முளை என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

இலக்கணத்துக்கும் குறையில்லை. சுடுகலன், ஊறுகாய் மாதிரி தெறிகத்தியும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. தெறிக்கத்தி என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

ஒரு தடை வரும் என்று தெரியும். நம் விஞ்ஞானப் பாடத்தில் ஒளித்தெறிப்பு இருக்கிறதே, குழப்பாதா? குழப்பாது என்றே நினைக்கிறேன். ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, அலகு பிடியிலிருந்து தெறிக்கிறது. கத்தி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்போது யாரும் கண்ணாடியைத் தேடப் போவதில்லை.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பழைய கத்தியைக் கையில் வாங்கியதும் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது, அலகு எவ்வளவு உறுதியாகப் பாய்ந்து பூட்டுகிறது என்பதை. அதற்கும் தனியாக ஒரு சொல் வேண்டும். ‘தெறிப்பு நன்று’, ‘தெறிப்பு மந்தம்’, ‘தெறித்தும் பூட்டவில்லை’ என்று பட்டியலில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆளிக்கத்தியை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

உள்வகைகளும் இதிலிருந்தே பிரியும். அலகு பக்கவாட்டில் சுழன்று விரிவது பக்கத்தெறி. பிடியின் வாயிலிருந்து நேரே வெளியே வருவது முன்தெறி. முன்தெறியில் வெளியே மட்டும் வில்லால் வந்து, உள்ளே போகக் கையால் இழுக்க வேண்டியது ஒருவழி. பிடியிலுள்ள ஒரே தள்ளுகட்டையால் போகவும் வரவும் செய்வது இருவழி. விடுவிப்பது பொத்தானா, நெம்பா, பிடியின் தலையிலுள்ள உலோகப் பூணா என்று அடுத்த நிரலில் குறித்தால் போதும். அதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் தேவையில்லை.

வில்லே இல்லாத ஒன்றையும் இதற்குள் போட்டுவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் வான்குடைப் படையினர் வைத்திருந்த கத்தியில் அலகு தன் பாரத்தால் கீழே இறங்கி வரும், நெம்பால் பூட்டுவார்கள். அதை வீழ்கத்தி என்று தனியாக வைக்கலாம். பிரித்தானியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது: கையால் பொத்தான் போன்ற ஒன்றை அமுக்கத் தானாக விரிவது ஒன்று, புவியீர்ப்பாலோ சுழற்றும் வேகத்தாலோ வெளிவருவது மற்றது. நம் சொற்களும் அந்தப் பிரிவைக் காட்ட வேண்டும்.

ரவுடிக் கத்தி என்றே போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். ஜோர்ஜ் ஷ்ரேட் 1890களில் நியூயோர்க் மாநிலத்து வால்டனில் பொத்தான் கத்தியை வியாபாரமாகக் கொண்டுவந்தபோது அது ஒரு கையால் திறக்கக்கூடிய வேலைக் கத்தி. போரில் அமெரிக்க வான்குடை வீரர்களுக்குக் கொடுத்ததும், சிக்கிய கயிற்றை ஒரு கையால் அறுப்பதற்குத்தான். 1950களில் அங்கே இந்தக் கத்திக்குக் கெட்ட பெயர் வந்து, 1958இல் கூட்டரசுச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்திலேயே, ஒரு கை மட்டும் உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகு கொண்ட தெறிகத்தியை வைத்திருக்கலாம் என்று விலக்கு இருக்கிறது. ஒரு பொருளின் வரலாற்றில் கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்த்து அதற்குப் பெயர் வைக்கக் கூடாது. அதேநேரம், சேகரிப்பு என்பது அலுமாரிக்குள் இருப்பது. தெருவில் கொண்டு திரிவதும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் வேறு காரியம், அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

இனி, கத்திகளைக் கெடாமல் வைத்திருப்பது பற்றிய பாதுகாப்புப் பகுதிச் சொற்கள். அண்ணா இதற்கு ஒரே பக்கம் ஒதுக்கியிருக்கிறார். மலையகத்தில் இருப்பவருக்கு அது போதாது. பண்டாரவளையில் ஆடி மாதக் காற்றில் எல்லாம் காய்ந்து கிடக்கும் அதே நேரம், வட்டவளையிலும் ஹட்டனிலும் அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே ஆலோசனை சரிவராது.

உலோகத்தின் நிறமாற்றத்துக்கு மூன்று சொற்கள் வேண்டும். துரு என்பது சிவப்பாகப் பொருபொருவென்று உதிர்வது, இரும்பைத் தின்பது. அதை நிறுத்தியாக வேண்டும். களிம்பு என்பது பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் ஏறும் பச்சை. தோல் உறையில் போட்டு வைத்த கத்திகளில் இது அதிகம், பதனிட்ட தோலில் உள்ள பொருட்கள் உலோகத்துக்கு ஆகாது. மூன்றாவது, பழைய எஃகில் காலப்போக்கில் படியும் சாம்பல் கலந்த கருமை. அதற்கு முதிர்நிறம் என்று சொல்லலாமா? அது துருவல்ல, அழுக்குமல்ல, தேய்த்து எடுக்கக் கூடாதது. கடைத்தெருவில் பளபளவென்று மினுக்கிக் கொண்டுவந்து வைக்கும் கத்திகளில் முதிர்நிறத்தோடு தயாரிப்பாளர் முத்திரையும் பாதி போயிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எண்ணெய் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவில் பகலிலேயே போத்தலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்பட்டு நிற்கும். அதே எண்ணெய் வில்லுக்குள்ளும் முளைக்குழியிலும் இறுகினால் தெறிப்பு மந்தமாகிவிடும். வில் உடைந்துவிட்டதென்று நினைத்துக் கழற்றப் போய் நல்ல கத்தியைக் கெடுத்தவர்கள் உண்டு. மெல்லிய தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு போதும். ஜப்பானியர் அலகுகளுக்குப் பூசும் கமேலியா எண்ணெயும் நல்லது. அந்தச் செடி நம் தேயிலையின் பேரினத்தைச் சேர்ந்தது என்பதை அண்ணா ஓர் அடிக்குறிப்பாகப் போட்டால் இங்குள்ளவர்கள் ரசிப்பார்கள்.

பிடிகளில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது செல்லுலாயிட் என்னும் பழைய பிளாஸ்டிக். முத்துச்சிப்பி மாதிரியும் ஆமையோடு மாதிரியும் மினுங்கும் பழைய பிடிகள் பெரும்பாலும் அதுதான். கர்ப்பூரம் சேர்த்துச் செய்தது, காலம் போகப் போக அந்தக் கர்ப்பூரம் ஆவியாகும். அப்புறம் பிடி சுருங்கும், உள்ளே நுண்ணிய வெடிப்புகள் விழும், வியர்த்தது போல மேலே துளிகள் நிற்கும். வெளியேறும் வாயு ஈரத்தோடு சேர்ந்து நைத்திரிக் அமிலமாகும். அலகை விரித்துப் பார்த்தால், பிடிக்குள் மடங்கிக் கிடந்த பகுதி மட்டும் துருவேறி, வெளியில் இருந்த முதுகு சுத்தமாக இருக்கும். இதைக் கண்டால் அந்தக் கத்தியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பதையும் அது அரிக்கும். எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அடுப்பு, மின்குமிழ் பக்கமும் வைக்கக் கூடாது. இந்த நோய்க்கு செல்லுலாயிட் அழிவு என்றே எழுதுவோம். அழுகல் என்று ஒருவர் சொன்னார், ஆனால் கொம்புப் பிடியைப் புழு அரிப்பதோடு அது கலந்துவிடும்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. ஹட்டன் பக்கத்து ஈரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கிறார்கள். எலும்புப் பிடிக்கும் மான்கொம்புப் பிடிக்கும் அளவான உலர்ச்சி சரி, ஒரேயடியாகக் காய்ந்தால் அவையும் வெடிக்கும். செல்லுலாயிடை அடைத்தால் அதன் வாயுவே அதைத் தின்றுவிடும். அதற்குக் குளிர்ந்த, காற்றோடுகிற, தனியான இடம் வேண்டும். ஆகவே பட்டியலில் பிடியின் பொருளை அலகுக்கு முன்னால் எழுதச் சொல்கிறேன், வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

கத்தியைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தெறி விரிந்திருக்கும்போதுதான் வில்லுக்கு ஓய்வு. ஆனால் நல்ல எஃகு வில் சும்மா இறுகிக் கிடப்பதால் எளிதில் கெடாது. திரும்பத் திரும்ப வளைவதால்தான் ஒடியும், அதிலும் பழைய பட்டைவில்லுக்கு மாற்று கிடைப்பது மகா கஷ்டம். வருகிறவர்களுக்கெல்லாம் தெறித்துக் காட்டாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

இனி எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. பொத்தான் தவறி அமுங்காமல் தடுக்கும் சறுக்குக்கட்டைக்குக் காப்புப்பூட்டு என்று வைக்கலாமா, அல்லது நெம்பால் விடுவிக்கும் ஸோலிங்கன் வகைக்கு வைக்கக்கூடிய நெம்புப்பூட்டு என்ற பெயரோடு அது இடிக்குமா? பண்டாரவளை சேர் இதற்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். கண்டி அண்ணா, முன்தெறி வகையில் உங்களிடம் இருப்பது ஒருவழியா இருவழியா என்று எழுதுங்கள். அதன் உறுப்புகளுக்குப் பெயர் வைக்க அந்த விவரம் வேண்டும்.

அன்புடன்,
தலவாக்கலையிலிருந்து