பொருள்: 'திராம்போஃபிலியா'வுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

தஞ்சாவூர், செவிலியர் பயிற்சி ஆசிரியை எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கிராம சுகாதாரச் செவிலியருக்கான பக்கவாதக் கையேட்டில் 'இரத்தக் கோளாறுகளும் பக்கவாதமும்' என்னும் இயல் என் பொறுப்பில் உள்ளது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவை எதுவும் இல்லாத முப்பது வயதுக்காரருக்குக் கைகால் விழுந்தால், இரத்தத்திலேயே கோளாறு இருக்கலாமோ என்ற ஐயம் அவர்களுக்கு எழ வேண்டும் என்பதே இந்த இயலின் நோக்கம். அரிவாளணுச் சோகை, சிவப்பணு மிகைப்பு ஆகியவற்றுக்குச் சொற்கள் அமைந்துவிட்டன. இரத்தம் வேண்டாத இடத்தில் உறைந்துவிடும் இயல்பைக் குறிக்கும் திராம்போஃபிலியாவுக்குத்தான் இன்னும் அமையவில்லை. எங்களுக்கு வந்த வரைவில் 'குருதியுறை விருப்பம்' என்றிருந்தது. அதைப் படித்த மாணவி ஒருத்தி, "யாருடைய விருப்பம்?" என்று கேட்டாள். வியாழன் மாலைக்குள் ஒரு சொல் தந்து உதவுங்கள்.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர், மாணவியின் கேள்வி நியாயமானது. கிரேக்கத்தில் 'ஃபிலியா' என்பது நட்பையும் பற்றையும் குறிக்கும். அதைப் பெயர்க்கப் போய் நோய்க்கு ஆசையை ஏற்றிவிட்டார்கள். இரத்தம் நிற்காமல் ஒழுகும் நோய்க்கும் 'ஹீமோஃபிலியா', அதாவது குருதிப் பற்று, என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நோக்கினால், அந்தப் பின்னொட்டை நாம் மதிக்க வேண்டிய கடமை ஏதுமில்லை.

'திராம்போஸ்' என்ற கிரேக்கச் சொல் குருதிக்கட்டியை மட்டுமன்றிப் பால் திரிந்த கட்டியையும் குறிக்கும். நம்மிடமும் 'உறை' அப்படியே இருக்கிறது. புறநானூற்றின் 276ஆம் பாட்டில், ஆய்மகள் தன் நகத்தால் தெறித்த "குடப்பால் சில்லுறை போலப்" பகைவர் படைக்கெல்லாம் ஓர் இளைஞன் நோயாகிறான். துளி உறை, குடம் நிறைந்த பால், அதன் பின் நோய் என்று மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் வந்துவிட்டன. ஆகவே 'உறைகுருதி' என்பதே என் பரிந்துரை. இது வினைத்தொகை, உறைந்த, உறைகின்ற, உறையும் குருதி என முக்காலத்தையும் உள்ளடக்கும்.

கும்பகோணம், பொதுமருத்துவர் எழுதியது:

ஐயா, நீங்கள் காட்டிய பாட்டு உடலியங்கியலுக்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தேன். இரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் என்னும் நொதி மிகச் சிறிதளவு தோன்றினாலே, அது உறைவுக் காரணிகளை அடுத்தடுத்துத் தூண்டித் தன்னையே பெருக்கிக்கொள்ளும். அந்தப் பெருக்கத்தை அடக்கவே புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்திராம்பின் ஆகியவை இருக்கின்றன. இவை பிறவியிலேயே குறைந்திருந்தாலும், ஐந்தாம் காரணி புரதம் சி-க்கு அடங்காத வடிவில் அமைந்துவிட்டாலும், நாம் பேசும் நிலை உண்டாகிறது. அந்த மாறிய வடிவம் 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்டது. அது ஐரோப்பிய வழியினரிடமே மிகுதி.

ஆனால் வினைத்தொகையின் முக்காலம்தான் எனக்குத் தொல்லை தருகிறது. இந்த நிலை உள்ளவருடைய இரத்தம் பெரும்பாலான நாட்களில் உறையாமல் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றுமே நேராது. நீண்ட படுக்கை, அறுவை, கருத்தடை மாத்திரை, பேறுகாலம் என ஏதேனும் ஒன்று சேரும்போதுதான் அது வெளிப்படும். சீட்டில் 'உறைகுருதி' என்று எழுதிக் கொடுத்தால், தம் உடம்பில் இரத்தம் உறைந்தே போய்விட்டது என்று நோயாளி அன்றிரவே அஞ்சிச் சாவார்.

இன்னொன்றையும் கருத வேண்டும். பிறவியில் வரும் இந்தக் குறைகள் தமனியைவிடச் சிரையில்தான் கட்டியை மிகுதியாக உண்டாக்கும். காலில் உண்டாவது ஒரு வகை. மூளையின் சிரைகளில் உண்டாவது இன்னொரு வகை. தமனி, சிரை இரண்டையும் தாக்கக்கூடியது, உடலின் நோயெதிர்ப்பே இரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி; இளவயதுப் பக்கவாதத்தோடு கருச்சிதைவும் அடுத்தடுத்து நேர்ந்திருந்தால் அதை நினைக்க வேண்டும். அரிவாளணுச் சோகையை இந்தச் சொல்லின்கீழ் அடக்கிவிடக் கூடாது. அங்கே மூளைக்குச் செல்லும் பெரிய தமனிகளே சுருங்கிப் போகின்றன. குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்டில் அந்தத் தமனியின் இரத்த வேகம் நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், முறையாக இரத்தம் ஏற்றிவருவதன் மூலம் பக்கவாதத்தைப் பெரிதும் தடுக்கலாம் என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

மன்னார்குடி, ஆய்வக நுட்பர் எழுதியது:

பெரியோர் மன்னிக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்கு வருபவர்கள் யாரும் 'குருதி' என்று சொல்வதில்லை, 'ரத்தம்' என்கிறார்கள். ஈழத்துப் பாடநூல்களில் குருதி வழக்கில் இருப்பதை அறிவேன். நம் ஊர்ச் செவிலியருக்கு அது இரத்ததான முகாமின் பதாகையில் மட்டும் காணும் சொல். 'இரத்தக்கட்டு' என்று போடலாமே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அடிபட்ட இடத்தில் கன்றி வீங்கியிருப்பதற்குத்தான் இங்கே அந்தப் பெயர், அதற்குப் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள்.

மக்கள் இந்த நிலையை "ரத்தம் கெட்டியாக இருக்கிறது" என்கிறார்கள். மருத்துவர்களும் "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆகையால் 'கெட்டியிரத்தம்' என்றே வைத்தால் என்ன?

கும்பகோணம் மருத்துவர்:

தம்பி, புரியும் சொல் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் கெட்டியிரத்தம் வேறொரு நோய்க்கு உரிய சொல். சிவப்பணு மிகைப்பில் இரத்தம் உண்மையிலேயே கெட்டியாகி, மூளைக்குள் மெதுவாக ஊர்கிறது. அவர்களுக்கு அவ்வப்போது இரத்தத்தை எடுத்துவிட்டு, சிவப்பணு விழுக்காட்டை 45க்குக் கீழே வைத்திருக்கிறோம். பெரும்பாலோருக்கு அதன் காரணம் 2005இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றம். நாம் சொல் தேடும் நிலையில் இரத்தத்தின் அடர்த்தி இயல்பாகவே இருக்கும். நீங்கள் சொன்ன மாத்திரைகளுள் ஒன்றான வார்ஃபரின் எந்த இரத்தத்தையும் இளக்குவதில்லை. அது உறைவதைத் தாமதப்படுத்துகிறது. 'இளக்கும் மாத்திரை' என்று சொல்லிச் சொல்லியே, நிறையத் தண்ணீர் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நம்பும் நோயாளிகளை நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

திருவையாற்று ஆசிரியர்:

மருத்துவரின் மறுப்பை ஏற்று வேறு வழி சொல்கிறேன். "மிகினும் குறையினும் நோய்செய்யும்" என்றது குறள். உறைதல் மிகுந்தால் மூளைக் குழாய் அடைபடுகிறது. குறைந்தால் மூளைக்குள் கசிகிறது. இரண்டும் பக்கவாதத்தில் முடிகின்றன. அப்படியானால் 'உறைமிகை', 'உறைகுறை' என்று இணையாக வைத்து, ஹீமோஃபிலியாவையும் சேர்த்தே தீர்த்துவிடலாம். அந்தக் குறள் எண்ணும் மூன்றில் முதலாவது 'வளி'. பக்கவாதத்தின் வாதமும் பாரிசவாயுவின் வாயுவும் அதுவே. எனவே 'பக்கவளி' என்று நோயின் பெயரையும் திருத்திவிடலாம் என்பது என் நெடுநாள் விருப்பம்.

திருவாரூர், ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் எழுதியது:

ஐயா, பக்கவாதத்தைத் தொடாதீர்கள். அந்த ஒரு சொல்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதிலும் குறை உண்டு. பக்கம் விழாமல் பேச்சு மட்டும் குழறியவரை, "வாதம் இல்லை" என்று வீட்டிலேயே வைத்திருந்து, கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய நாலரை மணி நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள். அதற்கு விளக்கம் எழுதினால் போதும்.

எனக்கு இந்த இயலில் முதன்மையானவள் பிள்ளை பெற்றவள். பேறுகாலத்தில் இயற்கையாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். அத்தோடு பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்து, சோகையையும் கவனிக்காமல் விட்டால், மூளைச் சிரையில் கட்டி உண்டாகும் ஆபத்து இன்னும் ஏறும். கடுந்தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வருபவளைப் பேய் பிடித்ததாகவும் சன்னி கண்டதாகவும் சொல்லிக் காலங்கடத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 'உறைமிகை' என்ற சொல்லைக் கேட்டு எந்தச் செவிலியருக்கு இவள் நினைவு வரும்? 'உறை' என்றால் அவர்களுக்குக் கையுறைதான். 'எளிதில் உறையும் இரத்தம்' என்று மூன்று சொல்லாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

திருவையாற்று ஆசிரியர்:

அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. 'எளிதில் உறையும் இரத்தமுடைய நோயாளிகளின் குடும்பத்தார்க்கான பரிசோதனை' என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

மன்னார்குடி ஆய்வக நுட்பர்:

'மிகையுறைவு' என்றால்? கையுறையும் வராது, மூச்சும் முட்டாது.

திருவையாற்று ஆசிரியர்:

'உறைவிடம்' என்கிறோம், உறைவு தங்குதலையும் குறிக்கும். மருத்துவமனையில் அளவுக்கு மீறித் தங்கியவர் என்று பொருள்கொள்ள இடமுண்டு.

கும்பகோணம் மருத்துவர்:

அது இரத்தத்தோடு சேர்ந்து வரும்போது அந்த மயக்கம் வராது. 'மிகையுறைவு நிலை' என்று 'நிலை' சேர்த்தால், உறைந்துவிட்டது என்ற அச்சமும் நீங்கும். என் வாக்கு இதற்கு.

தஞ்சாவூர் ஆசிரியை:

நன்றி. மருத்துவர், ஆய்வகத் தம்பி, நான் என மூவர் 'மிகையுறைவு நிலை'யின் பக்கம் நிற்கிறோம். கண்காணிப்பாளர் அம்மாவின் 'எளிதில் உறையும் இரத்தம்' இயலின் தலைப்பாகவும், முதல் முறை சொல் வரும் இடத்தில் விளக்கமாகவும் இடம்பெறும். பேறுகாலப் பகுதியை இயலின் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். ஹீமோஃபிலியாவை இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். கோப்பு அச்சகத்துக்குச் சென்றுவிட்டது.

திருவையாற்று ஆசிரியர்:

அச்சகத்துக்குச் சென்றபின் நான் என்ன சொல்ல? 'உறைமிகை' நான்கெழுத்துக் கழகச்சொல் போல நிற்கிறது. 'மிகையுறைவு நிலை'யில் பயனற்ற ஒரு 'நிலை' தொங்குகிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுபதிப்பு வரும்போது, ஹீமோஃபிலியாவையும் சேர்த்து, மீண்டும் எழுதுவேன்.